வெறும் வாங்குகளுக்கு எடுத்த வகுப்பு

என் மனைவி படிப்பித்த பல்கலைக்கழக வளாகத்தின் நூலகத்தில், பின்னறை இரும்பு அலுமாரியின் கீழ்த் தட்டில், 'பகிஷ்கரிப்பு' என்று முதுகில் எழுதிய தடித்த கோப்பு ஒன்று கிடக்கிறது. மாணவர்கள் ஒட்டிய நோட்டீஸ்கள், விரிவுரையாளர் கூட்டத்தின் அறிக்கைகள், மேலிடத்துக்குப் போன கடிதங்கள், மேலிடத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் துளை போட்டு நாடாவால் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் என் மனைவி கமலாதேவியின் பெயர் இரண்டு இடத்தில் பெரிதாக வருகிறது. ஓரிடத்தில் பாராட்டு. இன்னோரிடத்தில் கண்டனம். இரண்டும் பொய்.

போன மாதம் ஆராய்ச்சி செய்கிற ஒரு பிள்ளை அந்தக் கோப்பை வாசித்துவிட்டு எங்கள் வீடு தேடி வந்தாள். வளாகம் முழுக்க வகுப்பைப் பகிஷ்கரித்த கிழமையில் உங்கள் வகுப்பு மட்டும் எப்படி நிறைந்திருந்தது என்று கேட்டாள். கமலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள், பிள்ளை" என்றாள். குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரைக்கேறிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கமலா வாசித்தால் சண்டை வரும். வரட்டும்.

சண்டைக் காலம். தொண்ணூறுகளின் பின்பாதி. திருகோணமலையில், மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் படகு வந்து கட்டுகிற ஜெட்டியில், டிக்கெட் கந்தோரில் எனக்கு வேலை. கந்தோர் என்றால் ஒரு தகரக் கொட்டில், ஒரு மேசை, கால் ஆடுகிற ஒரு கதிரை. பக்கத்தில் கடற்படையின் சோதனைச் சாவடி. லோஞ்சால் இறங்குகிற ஆள் பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரணத்தையும் சொன்ன பிறகுதான் என் மேசையைத் தாண்டி ஊருக்குள் போகலாம். ஆகவே யார் வந்தார், யார் போனார், யாருடைய முகம் வாடியிருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் போகாது.

கமலா வளாகத்தில் பொருளியல் விரிவுரையாளர். கெட்டிக்காரி. ஒரு விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் பெற்ற பிள்ளையின் தாள் என்றாலும் அரைப் புள்ளி கூடப் போட மாட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அது வேறு கதை. மாணவர்கள் அவளைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்கள். அதைத்தான் அவள் அன்பு என்று நினைத்திருந்தாள். நெடுங்காலம் அந்த நினைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

பிறகு நஜ்முன் நிஸா வந்தாள். மூதூர்ப் பிள்ளை. படித்து முடித்த சூட்டோடு தற்காலிக நியமனத்தில் அதே பொருளியலைப் படிப்பிக்க வந்தவள். காலை லோஞ்சில் வந்து பின்னேர லோஞ்சில் போவாள். கடற்படைக்காரன் பையைக் கிளறும்போதும் அவளுடைய முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும். என் மேசையைக் கடக்கும்போது "மிஸ் சுகமா சேர்?" என்று கேட்காமல் போக மாட்டாள். அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனது பெரிய பிழை.

"ஏன், நான் சுகமில்லாமக் கிடக்கிறன் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் கமலா.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பகலில் டிக்கெட் கிழிப்பது. பின்னேரம் வீட்டில் அறிக்கை கொடுப்பது.

"இண்டைக்கு உவ உடுத்தது என்ன நிறம்?"

"பச்சை."

"என்ன பச்சை?"

"பச்சை எண்டால் பச்சைதான் கமலா. எனக்கு அதுக்குமேல தெரியாது."

"அவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தும் தெரியாதாக்கும்."

நிஸா எப்போதாவது மூதூர்த் தயிர்ச் சட்டி கொண்டுவந்து ஓய்வறையில் எல்லோருக்கும் கொடுப்பாள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வரும். கமலா அதைத் தொடமாட்டாள். எருமைத் தயிர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பாள். எங்கள் கலியாணத்துக்கு முந்தியே அவளுக்கு ஒத்துக்கொண்ட தயிர் அது. நான் முழுச் சட்டியையும் தனியாளாகத் தின்று முடிப்பேன். அதற்கும் ஒரு பார்வை விழும்.

விஷயம் இதுதான். மாணவர்கள் நிஸாவின் வகுப்பில் சிரித்தார்கள். பக்கத்து மண்டபத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கமலா பாடம் எடுத்தாள். சந்தேகம் கேட்க யாரும் அவளிடம் வருவதில்லை. நிஸாவைச் சுற்றி எப்போதும் நாலு பேர். வகுப்பில் முதலாவதாக வருகிற ஆனந்தராசா, கிளிவெட்டி வயல்காரக் குடும்பத்துப் பெடியன், முன்பெல்லாம் கமலாவுக்குப் பின்னால் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு நடப்பான். நிஸா வந்த பிறகு அவன் அங்கே போய்விட்டான். ஒரு பெண் தன் புருஷன் வேறு ஒருத்தியைப் பார்த்தால் எவ்வளவு எரிவாளோ அவ்வளவு எரிந்தாள் கமலா. புருஷன் நான் ஒருவன் இருக்கிறேன், யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அந்தப் பச்சை விசாரணை கூட எனக்காக நடந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் வளாகத்தின் வாசலுக்குள்ளேயே ஒரு சோதனைச் சாவடி போட்டார்கள். பிள்ளைகளின் கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். பெண்பிள்ளைகளை நெடுநேரம் வெயிலில் நிறுத்தினார்கள். சாவடியை வீதிக்கு எடுக்கும்வரை வகுப்புக்குப் போவதில்லை என்று மாணவர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆனந்தராசாதான் முன்னால் நின்றான்.

விரிவுரையாளர் கூட்டம் கூடி ஒரு பதில் எழுதியது. மாணவர் கோரிக்கையை மேலிடத்துக்கு அறிவிப்போம், ஆனால் வகுப்புகள் வழமைபோல் நடக்கும் என்றது பதில். நடக்காத வகுப்பு நடந்ததாக இருக்க ஒரு முறையும் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு விரிவுரையாளரும் தன் மண்டபத்துக்குப் போக வேண்டும். மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் வரவுத்தாளில் அடையாளமிட்டு, கையெழுத்துப் போட்டு, அன்றன்றே வளாகத் தலைவரின் கந்தோரில் கொடுக்க வேண்டும். லீவு சொல்லாமல் தாள் கொடுக்காதவர் பகிஷ்கரிப்புக்கு ஆதரவென்று கணக்கு. தற்காலிக நியமனக்காரர் என்றால் நியமனம் போகும்.

மற்ற விரிவுரையாளர்கள் மண்டபத்துக்குள் தலையை நீட்டி, 'ஒருவரும் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துப் போனார்கள். கமலா அப்படிப்பட்டவள் அல்ல. மணி அடித்ததும் மண்டபத்துக்குள் போய், கரும்பலகையில் திகதி எழுதி, பிள்ளைகள் இல்லாத வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்துப் பாடம் நடத்தினாள். பாடம் முழுவதையும் நடத்தினாள். சம்பளம் வாங்குகிறேன், படிப்பிக்கிறேன், அவ்வளவுதான் என்பது அவளுடைய நியாயம்.

அவளுடைய மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே கடற்கரை வேலியோரம் ஒரு வாகை மரம். பகிஷ்கரித்த பிள்ளைகள் அந்த நிழலில்தான் இருந்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நிஸா தன் மண்டபத்துக்குப் போகாமல் நேரே அந்த மரத்தடிக்குப் போய் மண்ணில் உட்கார்ந்தாள். பாடமும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் கதை. பிள்ளைகள் அவளைச் சுற்றி வளைத்து இருந்தார்கள். ஆனந்தராசா பக்கத்தில் இருந்தான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கமலா, குறைந்து செல் விளைவு விதியை வாங்குகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு.

பாடம் முடிந்தது. வரவுத்தாளை எடுத்தாள். 'ஒருவரும் வரவில்லை' என்று எழுதப் போன பேனா எழுதவில்லை. முதற் பெயர் ஆனந்தராசா. அதற்கு நேரே சரி போட்டாள். பிறகு அடுத்த பெயருக்கு. கடைசிப் பெயர்வரை எல்லோருக்கும் சரி போட்டு, கையெழுத்து வைத்து, கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அரைப் புள்ளி கொடுக்காத மனுசி.

அதே காலை, அதே நேரம், உட்துறைமுக வீதியில் கடற்படை லொறி ஒன்றுக்கு யாரோ கைக்குண்டு எறிந்தார்கள். ஜெட்டியில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. மேசைக்குக் கீழே போய் இருந்தேன். பின்னேரம் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களில் ஆனந்தராசாவும் ஒருவன். பகிஷ்கரிப்பில் முன்னால் நின்றவனென்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிடிபட்டவர்கள் எல்லோரும் திரும்பி வருகிற காலம் அல்ல அது. மறுநாளே கிளிவெட்டியிலிருந்து அவனுடைய தாய் வந்து பொலிஸ் நிலைய வாசலில் குந்தியிருந்தாள்.

குண்டு விழுந்த நேரம் அவன் எங்கே இருந்தான் என்று பொலிஸ் வளாகத்தைக் கேட்டது. வளாகத் தலைவர் பேராசிரியர் ஞானசேகரம் நல்ல மனுசன், பயந்த மனுசன். அவர் கோப்பைத் திறந்தார். அந்த நேரத்துக்குரிய வரவுத்தாளில் முதல் பெயருக்கு நேரே சரி இருந்தது. மறுயோசனை இல்லாமல் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் பொலிஸில் கொடுத்துவிட்டு, கமலாவைக் கூப்பிட்டார்.

"நல்ல காலம் மிசிஸ் கனகசுந்தரம். உங்கட ஒரு வகுப்பாவது நடந்திருக்கு. நீங்கள் வந்து ஒரு வாக்குமூலம் குடுத்தால் பெடியன் தப்புவான்."

கமலா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் வேலையால் வந்தபோது சேலைகூட மாற்றாமல் கதிரையில் இருந்தாள். நிறம் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, அண்டைக்கு என்ர வகுப்புக்கு ஒருத்தரும் வரேல்ல" என்றாள்.

"அப்ப அந்தத் தாள்?"

"நான்தான் சரி போட்டனான்."

"ஏன் கமலா?"

"அவள் மரத்துக்குக் கீழ எல்லாரையும் வச்சுக்கொண்டு சிரிக்கிறாள். நான் வெறுந்தாளைக் கொண்டுபோய்க் குடுக்கவோ?"

பெடியன் குண்டு எறியவில்லை என்பது உண்மை. அந்த நேரம் அவன் மரத்தடியில் இருந்ததைக் கமலாவே கண்ணால் கண்டவள். ஆனால் உண்மையைச் சொன்னால் தாள் பொய்யாகும். வளாகமே பொய்த் தாள் கொடுத்ததென்று ஆகும். அதற்குப் பிறகு மரத்தடிக் கதையை எவன் நம்புவான்? பொய்யைச் சொன்னால் பெடியன் வருவான். ஆனால் நிஸா உண்மையைச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

"அவள் சொல்லுவாள்" என்றாள் கமலா. "தன்ர பக்கத்திலதான் இருந்தவன் எண்டு போய்ச் சொல்லுவாள். பெருமைக்காரி. எல்லாருக்கும் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்குவாள்."

மறுநாள் நிஸா எங்கள் வீட்டுக்கே வந்தாள். கையில் தயிர்ச் சட்டி இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. கமலா கதிரையைக் காட்டவில்லை. நான்தான் இழுத்துப் போட்டேன்.

"மிஸ், தாளைப் பத்திக் கேள்விப்பட்டன்" என்றாள் நிஸா.

"ஓம். இப்ப என்ன? நீர் போய் உண்மையைச் சொல்லும். உம்மட பிள்ளையள்தானே."

"உண்மையை நான் எழுதி வச்சிருந்தனான் மிஸ். ஏன் தாள் குடுக்கல்ல எண்டு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கு. பிள்ளைகளோட மரத்தடியில இருந்தனான் எண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சிட்டன். அதைக் கிழிச்சிட்டுத்தான் வாறன்."

கமலா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"பல்லுப் புடுங்கப் போனன் எண்டு எழுதப் போறன்" என்றாள் நிஸா. "நான் அங்க இல்ல. அவங்க எல்லாரும் உங்கட வகுப்பில இருந்தாங்க. அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளும் கையெழுத்து வைப்பாங்க."

"பகிஷ்கரிப்பை உடைச்சவங்கள் எண்டு பேர் வரும். வைப்பாங்களோ?"

"கதைச்சிட்டன். வைப்பாங்க."

அவள் கதைத்துவிட்டாள். அவள் சொன்னால் அவர்கள் வைப்பார்கள். கமலாவின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்திலும், ஒரு பெடியனின் உயிர் ஊசலாடும்போதும், அவளுக்கு அதுதான் சுட்டது.

"ஒண்டு மட்டும் மிஸ்" என்று எழும்பும்போது நிஸா கேட்டாள். "விசாரிக்கிற பொலிஸ் பெரியவர் படிச்ச ஆளாம். அண்டைக்கு என்ன பாடம் எண்டு பெடியனிட்டயும் கேப்பாராம், உங்களிட்டயும் கேப்பாராம். என்ன பாடம் எடுத்தீங்க?"

"எல்லாரையும் நாளைக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லும். திரும்ப எடுக்கிறன்" என்றாள் கமலா.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். பகிஷ்கரிப்பு அந்தளவில் தானாகவே முடிந்துபோயிருந்தது. வாங்குகளில் இடம் இல்லை. கமலா அதே பாடத்தை அதே உதாரணங்களோடு அதே ஒழுங்கில் எடுத்தாள். நிஸா கடைசி வாங்கில் இருந்து மாணவியைப் போலக் குறிப்பெடுத்தாள். பின்னேரம் கமலா வந்து சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மண்டபம் நிறைஞ்சிருந்தது."

"நல்லதுதானே."

"ஒவ்வொருத்தரும் இருக்க முதல் அவளைப் பாத்திட்டுத்தான் இருந்தவங்கள்."

பெடியனுக்குப் பாடத்தைக் கொண்டுபோனதும் நிஸாதான். தாயோடு சோற்றுப் பார்சலைக் கொண்டு உள்ளே போய், கம்பிக்கு வெளியே நின்று, பரீட்சைக்குப் படிப்பிக்கிற ஆளாகக் காட்டிக்கொண்டு படிப்பித்திருக்கிறாள். காவலுக்கு நின்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தானாம்.

கமலா வாக்குமூலம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவள் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, வகுப்பு நிறைந்திருந்தது, ஆனந்தராசா முதல் வாங்கில் இருந்தான், குறைந்து செல் விளைவு விதி படிப்பித்தேன் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே மண்டபம் நிறைந்திருந்ததுபோல் தெரிந்தது. பெடியனும் பாடத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தவன் தாயையும் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. தாய் கமலாவின் இரண்டு கைகளையும் பிடித்து அழுதாள். கமலாவும் அழுதாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் மனதில் நிஸா இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். பிறகு பெடியன் வாயைத் திறந்தான்.

"மிஸ், அந்த விதியை எனக்கு முதல் விளங்கினதே இல்லை. நஜ்முன் மிஸ் நல்லா விளங்கப்படுத்தினவ. எங்கட வயலில பத்துப் பேர் இறங்கி அரிவு வெட்டினால் வேலை நடக்கும், ஊரே இறங்கினால் ஒருத்தன்ர காலை ஒருத்தன் மிதிப்பான் எண்டு சொன்னவ. அதை அப்பிடியே பொலிஸ் பெரியவரிட்டயும் சொன்னனான். அவர் சிரிச்சவர்."

"ஓம் தம்பி" என்றாள் கமலா. "அவ நல்லாப் படிப்பிப்பா."

அவர்கள் போன பிறகு குசினிக்குள் போய் நின்றாள். நான் பின்னால் போனேன்.

"என்ர வகுப்பு ஒரே ஒரு நாள் அப்படி நிறைஞ்சது" என்றாள். "அதையும் அவள்தான் தந்தவள். பாடத்தையும் அவள்தான் படிப்பிச்சவள். நான் ஆர்?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அடுத்த விரிவுரையாளர் கூட்டத்தில் இரண்டு விஷயம் வந்தது. பகிஷ்கரிப்புக் காலத்தில் வகுப்பை நடத்திக் காட்டிய திருமதி கமலாதேவி கனகசுந்தரத்துக்குப் பாராட்டு முதலாவது. லீவு சொல்லாமல் வராமல் நின்ற நஜ்முன் நிஸாவின் தற்காலிக நியமனம் இரண்டாவது. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் எங்கே இருந்தாள் என்று தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கோப்புக்குத்தான் தெரியாது. கோப்பில் இருந்தது பல். பல்லுக்கு லீவு கேட்கவில்லை. கேட்காவிட்டால் நியமனம் இல்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார் ஞானசேகரம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

விஷயம் இரண்டும் வருமென்று முன்னமே அறிவித்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகமுதல் கமலா கண்ணாடிக்கு முன்னால் நின்று சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்றேன். அவள் ஆசைப்பட்டது நடக்கப் போகிறது. இனி மரத்தடியும் இல்லை, பக்கத்து மண்டபத்துச் சிரிப்பும் இல்லை.

"இனி உனக்கு நிம்மதிதானே?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

கமலா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள்.

"என்ன நிம்மதி? பெடியனைக் காப்பாத்த வேலையை விட்டுக்குடுத்தவ எண்டு இந்த வளாகம் இருக்குமட்டும் கதைப்பாங்கள். வாகை மரத்துக்கு அவளின்ர பேரை வச்சாலும் வைப்பாங்கள். எனக்கு ஒரு கடதாசிப் பாராட்டு. தியாகத்திலயும் அவளே முதலாமாளா வரவேணுமோ? விடமாட்டன்."

அன்று கூட்டத்தில் இரண்டாவது விஷயம் வந்ததும் கமலா எழும்பினாளாம். நஜ்முன் நிஸா முதல்நாளே தன்னிடம் லீவு சொன்னாள், தலைவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டுக் கடிதமும் தந்தாள், கைப்பையில் போட்டுவிட்டுத் தான்தான் மறந்துபோனேன், துண்டையும் தொலைத்துவிட்டேன் என்றாளாம். மறதி என்பதே தெரியாத மனுசி. பிறகு ஞானசேகரம் அவசரம் அவசரமாக, அப்படியென்றால் பிழை நிஸாவுடையது அல்ல என்றார். கடமையில் கவனயீனத்துக்காகத் திருமதி கனகசுந்தரம் கண்டிக்கப்படுகிறார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வரியோடு நின்றுவிட்டது. அடுத்த வருடமும் வரவில்லை.

அன்று கமலா வீட்டுக்கு வந்து பதவி உயர்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பல்லாம் பல்லு" என்று மட்டும் முணுமுணுத்தாள். "முப்பத்திரண்டும் வரிசையா முத்துமாதிரி இருக்கு அவளுக்கு. எந்தப் பல்லைப் புடுங்கினது எண்டு கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்?"

அதற்கு அடுத்த நாள் காலை லோஞ்சில் நிஸா வந்தாள். சோதனை முடிந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். கையில் தயிர்ச் சட்டி. வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், நகரவும் இல்லை.

"சேர், மிஸ்ஸிட்ட நான் நேர சொன்னா ஏசுவாங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"அண்டைக்கு மரத்தடியில இருந்து நான் மிஸ்ஸைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். ஜன்னலுக்குள்ளால தெரிஞ்சாங்க. ஒருத்தரும் இல்லாத மண்டபத்தில ஒரு சொல்லும் குறைக்காமப் படிப்பிச்சாங்க. பிள்ளைகள் இல்லாட்டி எனக்கு வாயே திறக்காது சேர். அவங்க சிரிக்காட்டி எனக்கு அடுத்த வசனம் வராது. மிஸ்ஸுக்கு ஆருமே தேவல்ல. அதப் பாத்து எனக்குப் பொறாமையாப் போச்சு. அதுக்குத்தான் பிள்ளைகளச் சிரிக்க வச்சிக்கிட்டிருந்தன்."

சொல்லிவிட்டுச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு டிக்கெட் கணக்குப் பிழைத்துக்கொண்டே இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். கமலா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சட்டியை மேசையில் வைத்தேன். அவள் நிமிரவில்லை.

"என்ன நிறம்?"

"நிறம் பாக்கேல்ல. உனக்கு ஒரு கதை சொல்லிவிட்டவ."

நிஸா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ஜன்னல், வாங்கு, வாய் திறக்காதது, பொறாமை எல்லாவற்றையும் சொன்னேன். கமலாவின் சிவப்புப் பேனா ஓரிடத்தில் நின்றது. தாளில் மை ஊறிப் பரவியது. அவள் கவனிக்கவில்லை.

"பொறாமை எண்டோ சொன்னவ?"

"ஓம்."

"அந்தச் சொல்லையே சொன்னவவா?"

"அந்தச் சொல்தான்."

கமலா பேனாவை மூடினாள். குசினிக்குள் போய் ஒரு கரண்டியோடு வந்து தயிர்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கரண்டி தயிரை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு கதிரையை எனக்குக் கிட்டவாக நகர்த்திப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"முதலில இருந்து சொல்லுங்கோ" என்றாள்.

திரும்பச் சொன்னேன். முடித்ததும் இன்னொரு தரம் கேட்டாள். அதையும் சொன்னேன். கலியாணம் முடித்த காலம் தொட்டு நான் அவளைப் பற்றி எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஒன்றையாவது அவள் திரும்பச் சொல்லக் கேட்டதில்லை. அன்று அந்தத் தயிரில் எனக்கு ஒரு கரண்டியும் மிஞ்சவில்லை.